பொன்னிறக் கூந்தலும் பதினேழு வசனங்களும்

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னைக் கண்டதும் ஒரு கேள்வி கேட்பார்கள். "அக்கா, இவ்வளவு காலம் எத்தினை தொடருக்கு வேலை செய்தனீங்கள். அதிலை உண்மையா நல்லது எது?" இதற்கு நான் யோசிக்க வேண்டியதே இல்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இருந்து வந்த பிரெஞ்சுத் தொடர் ஒன்று. மொன்ட்ரியால் நகரத்து மாஃபியாவைப் பற்றியது. அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஜெர்மன் ஒளிபரப்புக்காக அதற்கு ஒட்டிய பெயர் கொஞ்சமும் பொருந்தவில்லை, அதைச் சொல்ல எனக்கு மனமும் இல்லை. அந்தத் தொடரைப் போல நான் விரும்பிச் செய்த வேலை வேறில்லை. அதில் நான் விட்ட பிழையைப் போல என்னை நடுங்க வைத்த பிழையும் வேறில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்லத்தான் வேண்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். நான் யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்தவள், பெயர் ஸ்டெல்லா. எண்பதுகளின் நடுவில் பாரிசுக்கு வந்து ஐந்து வருடம் ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்தபடி மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்தேன். பிறகு அன்ரனைக் கலியாணம் முடித்து மியூனிக்குக்கு வந்தேன். ஜெர்மனை இங்கே வந்து மறுபடி அரிச்சுவடியில் இருந்து தொடங்கினேன். வெளிநாட்டுப் படங்களுக்கு ஜெர்மன் குரல் கொடுக்கும் ஒலிப்பதிவுக்கூடங்கள் மியூனிக்கில் நிறைய உண்டு. அதில் சிறிய ஒன்று, பிரெஞ்சு தெரிந்த ஆள் தேவை என்று பத்திரிகையில் இரண்டு வரி விளம்பரம் போட்டிருந்தது. போனேன். எடுத்துக்கொண்டார்கள்.

படத்தில் பேசுவதை வரிக்கு வரி ஜெர்மனில் எழுதிக் கொடுப்பது என் வேலை. அதை வைத்துக்கொண்டு இயக்குநர் வாயசைவுக்குப் பொருந்தும் வசனம் எழுதுவார். குரல் நடிகர்கள் அதைப் பேசுவார்கள். என் பெயர் திரையில் வராது. ஆனால் நான் பிழையாக எழுதினால், அந்தப் பிழையைத்தான் எல்லோரும் சேர்ந்து மிக அழகாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் வீடியோ நாடாவைப் போட்டுப் பத்து நிமிடத்திலேயே எனக்கு முழி பிதுங்கிவிட்டது. பாரிசில் படித்த பிரெஞ்சு அங்கே செல்லவில்லை. சொற்களை விழுங்குகிறார்கள், பாதியை மூக்கால் பேசுகிறார்கள். கார்க் கதவில் கை நசுங்கிய ஒருவன் வலி தாங்காமல் "நற்கருணைப் பேழையே!" என்று கத்தினான். இன்னொருவன் பூசைப் பாத்திரத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே மேசையில் குத்தினான். கோயில் பீடத்தில் நான் தலைகுனிந்து பார்த்த பொருள்கள் எல்லாம் ரவுடிகள் வாயில் வந்து விழுந்தன. இவர்கள் என்ன, இவ்வளவு பக்திமான்களா? ஒவ்வொன்றையும் அப்படியே எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். சந்தேகம் இருந்தால் கேள்விக்குறி போட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் வழக்கம். முதல் பகுதியில் மட்டும் நாற்பதுக்கு மேல் விழுந்தது.

இயக்குநர் ஐம்பது வயதுக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார், அதனால் அவருக்கு எல்லோரும் பயம். என் தாள்களைப் புரட்டிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "குறுக்கெழுத்துப் போட்டி வேண்டும் என்றால் நான் கடையில் வாங்கியிருப்பேனே."

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று மாலையே மொன்ட்ரியாலில் இருக்கும் என் தங்கை ஜெனிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அதெல்லாம் இஞ்ச தூசணம், அக்கா! சுவாமியாருக்கு முன்னால சொல்லிப்போடாதேங்கோ." அந்தச் சொற்களுக்கு ஜெர்மன் வசைச் சொற்களைப் போட்டுத் திருத்திக் கொடுத்தேன். அதோடு மனதுக்குள் ஒரு முடிவும் எடுத்தேன். இனிக் கேள்விக்குறி போடுவதில்லை. இவர்கள் முன்னால் இன்னொரு முறை பிரெஞ்சு தெரியாதவளாக நிற்பதில்லை.

பிள்ளைகளே, தெரியாத சொல் உங்களை ஒருபோதும் ஏமாற்றாது. அதை எப்படியும் தேடிப் பிடிப்பீர்கள். தெரிந்த சொல் என்று நினைப்பதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

பிழைக்கு வருமுன் அந்தத் தொடரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மாஃபியா கதை என்றால் துப்பாக்கி, கார், கறுப்புக் கண்ணாடி என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். இதில் துப்பாக்கிச் சத்தம் கேட்பது அரிது. பெரியவர்கள் மேசையைச் சுற்றி இருந்து மெதுவாகச் சாப்பிடுவார்கள். ஒருவரைப் பற்றி விசாரிப்பார்கள். யாரும் பதில் சொல்லாமல் பாண் துண்டைப் பிய்ப்பார்கள். அந்த மௌனத்திலேயே ஒரு மனிதனின் கதை முடிந்துவிட்டது என்று நமக்கு விளங்கிவிடும். பொலிஸ்காரர் ஒருவர் மூன்று பகுதி முழுக்கப் பல்வலியோடு அலைவார், அதற்கும் கதைக்கும் தொடர்பே கிடையாது, ஆனாலும் அவரை மறக்க முடியாது. யாரும் நம்மைப் பார்த்து "நான் கெட்டவன்" என்று முகத்தைச் சுளித்துக் காட்டுவதில்லை. நடிப்பவர்கள் நம்மை மதித்தார்கள். எழுதியவர்கள் அதைவிட மதித்தார்கள். நாடாவை நிறுத்தி நிறுத்தி எழுத வேண்டிய நான், பல இடங்களில் எழுத மறந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

அதில் ஒரு பொலிஸ்காரி. பொன்னிறக் கூந்தல், முப்பது வயது இருக்கும். ஒட்டுக்கேட்கும் அறையில் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு மாஃபியாக் குடும்பத்தின் தொலைபேசிகளை நாள் முழுக்கக் கேட்பது அவள் வேலை. அவளுடைய முகத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. களைத்த முகம், சுத்தமான முகம்.

நாலாம் பகுதியில் அவள் ஓர் உரையாடலைக் கேட்கிறாள். குடும்பத்து ஆள் ஒருவன் தொலைபேசியில் அந்த வீட்டு இளைய மகனைப் பற்றிப் பேசுகிறான். இரைச்சலுக்கு நடுவே ஒரு வரி: "ப்ளோந்த்துக்கு எல்லாம் தெரியும்." அந்தக் கணம் திரையில் இருப்பது பொலிஸ்காரியின் முகம் மட்டும்.

ப்ளோந்த் என்றால் பிரெஞ்சில் பொன்னிறக் கூந்தல்காரி. அதைப் படிக்க மாலை வகுப்புக்கும் போக வேண்டியதில்லை. நாலாம் பகுதியில் இருந்து ஆறாம் பகுதி வரைக்கும் அச்சடித்த வசனப் பிரதி வந்து சேரவில்லை. காதால் கேட்டே எழுத வேண்டியிருந்தது. பிரதி வேண்டும் என்று கேட்டிருந்தால் கனடாவில் இருந்து அனுப்பியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. "அந்தப் பொன்னிறக் கூந்தல்காரிக்கு எல்லாம் தெரியும்" என்று எழுதினேன். கேள்விக்குறி போடவில்லை.

இயக்குநர் அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாஃபியா ஆளுக்கு இவளைத் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் பொலிசுக்குள்ளேயே துரோகி இருக்கிறாள்!" அதன் பிறகு அவர் அந்த எண்ணத்திலேயே வேலை செய்தார். ஐந்தாம், ஆறாம் பகுதிகளில் அவள் சாதாரணமாகப் பேசும் வசனங்களைக் கொஞ்சம் வளைத்தார். "எனக்குத் தெரியாது" என்று அவள் சொல்லுமிடத்தில் "அதை நீங்கள் தெரிந்துகொள்ளத் தேவையில்லை" என்று வந்தது. குரல் கொடுத்த நடிகையிடம் ஒவ்வொரு வரியிலும் ஒரு கள்ளத்தனம் வேண்டும் என்று கேட்டார்.

அந்த நடிகையும் லேசுப்பட்டவர் அல்ல. ஒரு நாள் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றபடியே கையை விரித்தார்.

"இந்தப் பெண்ணின் முகத்தில் பொய் இல்லையே. இல்லாத ஒன்றை நான் எப்படிக் குரலில் போடுவது?"

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். சந்தேகம் கேட்பதற்காக என்னையும் பதிவு நேரத்தில் கூடவே இருத்தியிருந்தார். "பிரெஞ்சில் அப்படித்தானே இருக்கிறது?"

"ஆம். அப்படித்தான் இருக்கிறது" என்றேன்.

ஒரு சொல்லைப் பிழையாக விளங்கிக்கொள்வது யாருக்கும் நடக்கும். அதற்காக நான் இன்று வெட்கப்படவில்லை. வெட்கப்படுவது அந்த "ஆம்" என்பதற்காக. அவர் கேட்டபோது எனக்குள்ளும் சின்னதாக ஒன்று நெருடியது. அந்த முகத்தை அவரை விட, நடிகையை விட, அதிகமாகப் பார்த்தவள் நான். நாடாவை ஒருமுறை திருப்பிக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கலாம். இரண்டு நிமிடம் போயிருக்கும்.

ஏழாம் பகுதி வந்தது, எட்டாம் பகுதி வந்தது. பொலிஸ்காரி துரோகி என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. எட்டாம் பகுதியில் இளைய மகனின் காதலி, சிகையலங்காரக் கடையில் வேலை செய்யும் கறுப்புத் தலைமயிர்ப் பெண், பொலிஸ்காரியிடம் தானாக வந்து தனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லி அழுகிறாள். பொலிஸ்காரி அவளுக்குத் தேநீர் கொடுக்கிறாள். எவ்வளவு அருமையான காட்சி! நான் அதைப் பார்த்து என்ன நினைத்தேன் தெரியுமா? எவ்வளவு நன்றாக நடிக்கிறாள் கள்ளி என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஜெனியோடு கதைக்கத் தொலைபேசி எடுத்தேன். அங்கே மத்தியானம். சட்டி பானைச் சத்தம் கேட்டது.

"அக்கா, கோவிக்காதேங்கோ, பிறகு எடுக்கிறன். இவரின்ர தம்பி தயாளன் தன்ர ப்ளோந்தோட சாப்பிட வந்து நிக்கிறான். இறைச்சி இன்னும் அடுப்பில கிடக்கு."

"என்னடி சொல்லுறாய்? தயாளன் வெள்ளைக்காரியோடயே திரியிறான்?"

"என்ன விசர்க்கதை, அக்கா? அவள் எங்கட பிள்ளை. பருத்தித்துறை. தலைமயிர் கன்னங்கரேல் எண்டு இடுப்பு மட்டும் கிடக்கு."

"அப்ப ஏன் ப்ளோந்த் எண்டனீ?"

"இஞ்ச அப்பிடித்தான் சொல்லுறது. ஒருத்தன்ர காதலி எண்டா அவன்ர ப்ளோந்த். மயிர் என்ன நிறமா இருந்தா என்ன? ஏனக்கா, என்ன நடந்தது? அக்கா?"

நான் பதில் சொல்லாமல் தொலைபேசியை வைத்துவிட்டேன். இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

நாலாம், ஐந்தாம், ஆறாம் பகுதி நாடாக்கள் வீட்டில் இருந்தன. நாலாவதைப் போட்டேன். அந்த வரியைப் பத்துத் தரம் கேட்டிருப்பேன். இரைச்சலுக்குள் நான் "அந்த" என்று கேட்டிருந்தது உண்மையில் "அவனுடைய". அவனுடைய ப்ளோந்த். இளைய மகனின் காதலிக்கு எல்லாம் தெரியும். அதனால்தான் எட்டாம் பகுதியில் அந்தப் பெண் வருகிறாள். அதனால்தான் பொலிஸ்காரியின் முகத்தில் பொய்யே இல்லை. கதை முழுவதும் ஒரு நொடியில் நேராக எழுந்து நின்றது. 

அன்ரன், ஞாயிறும் திறந்திருக்கும் ரயில் நிலையக் கடைக்குப் போய்விட்டு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சாமான் பையைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"இது வேற ஆருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப வெள்ளி வரைக்கும் வாயைத் திறவாதையும். வியாழக்கிழமை எங்களுக்கு ஃபொறின் ஒஃபிசிலை டெர்மின். வேலைக் கடிதம் இல்லாமல் விசாவை நீட்டமாட்டாங்கள். கடிதத்தை வாங்கிப்போட்டுப் பிறகு சொல்லும்."

டெர்மின் என்பது வெளிநாட்டவர் அலுவலகம் குறித்துத் தந்த சந்திப்பு நேரம். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவருடைய தொழிற்சாலை மூடி நாலு மாதம் ஆகியிருந்தது. என் வேலையைக் காட்டித்தான் இருவருக்கும் வதிவிட அனுமதி நீடிக்க வேண்டும். ஆனால் அந்த மூன்று பகுதிகளும் புதன்கிழமை தொலைக்காட்சி நிலையத்துக்குப் போகின்றன. போய்விட்டால் பிறகு யார் திருத்துவது?

"புதன் போயிடும், அன்ரன்."

"போகட்டுமே. சனம் பாக்கிறது ஒரு கதை. ஆரு வந்து கேக்கப்போறாங்கள்?"

"அந்த நடிகை கேட்டவ. நான் ஓம் எண்டு சொன்னனான்."

அவர் பையைக் கீழே வைத்தார். குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்தார். பிறகு தானே பேனாவையும் கொப்பியையும் எடுத்து வந்தார். "நீர் சொல்லும், நான் எழுதுறன்" என்றார். மூன்று பகுதிகளையும் ஓடவிட்டு, இயக்குநரின் வசனத் தாளோடு ஒப்பிட்டு, அந்தப் பிழையால் சொல்லிலோ தொனியிலோ வளைந்துபோன ஒவ்வொரு வசனத்தையும் குறித்தோம். நள்ளிரவுக்குள் பட்டியல் முடிந்தது. முப்பத்தொரு இடம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிழையைச் சொல்லப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். "பிழை விட்டுவிட்டேன்" என்பதை மட்டும் கொண்டுபோனால், கேட்பவருக்குக் கோபப்படுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. எங்கே எங்கே என்று தாளில் எழுதிக் கொண்டுபோனால், அவர் தாளைப் பார்ப்பார்.

திங்கள் காலை ஒன்பதரைக்குக் கூடத்துக்குப் போனேன். ஒலிப்பதிவாளர் வாசலிலேயே தாழ்ந்த குரலில் சொன்னார்: "தெரியுமா, அந்த நடிகையை நிறுத்தப் போகிறார். குரலில் கள்ளத்தனமே வரவில்லையாம். பதினொரு மணிக்கு வேறொருத்தி வருகிறாள். தொலைக்காட்சி நிலையத்து அம்மாவும் தெரிவுக்கு வந்துவிட்டார். உள்ளே இருக்கிறார்கள்."

 என் பிழைக்காக இன்னொருத்தியின் வேலை போகப் போகிறது, அதுவும் அவர் சொன்னது சரியாக இருக்கும்போது! கதவில் தட்டினேன். இயக்குநரும், தொடரை வாங்கிய நிலையத்தின் பொறுப்பாசிரியையும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த இடத்தில் இரண்டு வழிதான் இருந்தது. வாடிக்கையாளர் முன்னால் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம். அல்லது அவர் போகும்வரை காத்திருக்கலாம். கொட்டினால் இயக்குநர் தலைகுனிவார். காத்திருந்தால் பதினொரு மணி ஆகிவிடும்.

"ஐந்து நிமிடம் வெளியே வர முடியுமா? பதினொரு மணிக்கு முன்னால் சொல்ல வேண்டிய விஷயம்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். நடைபாதையில் நின்றபடி சொன்னேன். ப்ளோந்த் என்றால் அங்கே காதலி. பொலிஸ்காரி துரோகி அல்ல. அவள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. நான் தவறாக எழுதினேன். நீங்கள் கேட்டபோதும் சரிபார்க்காமல் ஆம் என்றேன். இதோ பட்டியல்.

அவர் தாளை வாங்கினார். கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு கேட்டார்: "உங்களுடைய தாளில் அந்த வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருந்ததா?"

"இல்லை."

"ஏன் இல்லை?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். வந்தது வரட்டும் என்று சொல்லிவிட்டேன். "குறுக்கெழுத்துப் போட்டி கடையில் வாங்கியிருப்பேன் என்று சொன்னீர்கள். அதன் பிறகு நான் போடுவதில்லை."

"நானா சொன்னேன்?"

"நீங்கள்தான்."

அவருக்கு அது நினைவே இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டார். "இரண்டு கிழமையாக ஒரு நல்ல நடிகையைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு கதவைத் திறந்து உள்ளே போனார், என்னையும் வரச் சொல்லித் தலையை அசைத்தார்.

அவர் உள்ளே போய்ச் சொன்னது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. "நாங்கள் ஒரு பிழை விட்டிருக்கிறோம்" என்று தொடங்கினார். மொழிபெயர்ப்பாளர் என்று சொல்லவில்லை. நாங்கள் என்றார். நாலாம் பகுதியில் ஒரு சொல்லைத் தவறாக விளங்கிக்கொண்டோம், அதை மேலும் வளர்த்தது நான், என்று முடித்தார். உங்களில் யாராவது நாளைக்கு ஒரு குழுவை நடத்தும் இடத்துக்கு வந்தால் அந்த "நாங்கள்" என்ற சொல்லை மறக்காதீர்கள்.

பொறுப்பாசிரியை கோப்பிக் கோப்பையைத் தட்டில் வைத்தார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியில் சாய்ந்து பெரிய மூச்சு விட்டார்.

"அப்பாடா! நான் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். இந்தத் தொடரை நான் கனடாவில் போய்ப் பார்த்து வாங்கினேன். பாதிப் பிரெஞ்சுதான் விளங்கியது. ஆனால் அந்தப் பொலிஸ்காரியை நம்பித்தான் வாங்கினேன். உங்களுடைய ஜெர்மன் வடிவத்தைப் பார்த்தபோது, அன்றைக்கு நான் பார்த்தது வேறு தொடரோ என்று இரண்டு நாள் குழம்பிப்போனேன். சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் பேசாமல் இருந்தேன்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நடிகை மட்டும்தான் வாய் திறந்து கேட்டார்; பொறுப்பாசிரியையும் நானும் வெட்கத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம். இயக்குநருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பதினொரு மணிக்கு வரவிருந்த பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்து வரவேண்டாம் என்றார்கள்.

அடுத்த நாள் நடிகை வந்தார். அவரிடம் சொல்ல வேண்டியது நான் என்று இயக்குநரிடம் கேட்டு வாங்கியிருந்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை.

"இரண்டு கிழமை வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று கள்ளப் பார்வை பார்க்கப் பழகினேன். என் தொழிலே எனக்குத் தெரியவில்லையோ என்று அழுதேன். உங்களுக்கு அது தெரியுமா?"

"தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். 

 அவர் மேலங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, "சரி, முதல் வரி எது?" என்றார்.

அடுத்தது நான் எதிர்பார்க்காதது. ஒலிப்பதிவாளர் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தன் பதிவுகளைத் தேடினார். இயக்குநர் கள்ளத்தனம் கேட்பதற்கு முன்னால், நடிகை ஒவ்வொரு காட்சியையும் முதல் தடவை தன் மனம் சொன்னபடி சும்மா பேசிப் பார்த்திருக்கிறார். அவற்றில் வசனம் மாறாத இடங்கள் எல்லாம் அப்படியே பத்திரமாக இருந்தன. முப்பத்தொன்றில் பதினாலு வரிக்கு அதையே போட முடிந்தது. மிச்சம் பதினேழு. மூன்று பகுதியையும் திரும்ப எடுக்க வேண்டி வரும் என்று நடுங்கிப்போயிருந்தவர்களுக்குப் பதினேழு வசனம்!

பின்னேரம் மூன்றரைக்குள் முடிந்துவிட்டது. "எனக்குத் தெரியாது" என்று அந்தப் பொலிஸ்காரி களைத்த குரலில் உள்ளதை உள்ளபடி சொன்னபோது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எங்கள் மூன்று பேருக்கும் மேல் சிலிர்த்தது. முகமும் குரலும் ஒன்றாகிவிட்டன. நான் பிரெஞ்சில் பார்த்து மயங்கிய அந்தத் தொடர் ஜெர்மனிலும் அதே தொடராக நின்றது. ஒளிபரப்பானபோது பெரிய ஆரவாரம் எதுவும் இல்லை. ஆனால் பார்த்தவர்கள் மறக்கவில்லை. பல வருடம் கழித்து ஒரு பல் வைத்தியர் என் தொழிலைக் கேட்டுவிட்டு, அந்தப் பல்வலிப் பொலிஸ்காரரைப் பற்றிக் கால்மணி நேரம் கதைத்தார், நான் வாயைத் திறந்தபடி கிடக்கும்போதே.

வேலை முடிந்து மேலங்கியை மாட்டும்போதுதான் கடிதத்தைக் கேட்கத் துணிவு வந்தது. வியாழக்கிழமை டெர்மின் இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். இயக்குநர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "நேற்று நடைபாதையில் நிற்கும்போதே இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் செயலாளரைக் கூப்பிட்டார். கடிதம் பத்து நிமிடத்தில் தட்டச்சாகி வந்தது. கையெழுத்துப் போடுமுன் ஒரு வரியைப் பேனாவால் சேர்த்தார்: இவர் எங்கள் நிறுவனத்துக்கு இன்றியமையாதவர். செயலாளர் புதிதாகத் தட்டச்சு செய்து தரவா என்று கேட்டார். வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று நான் வாங்கிக்கொண்டேன்.

வாசலில் இருந்த தொலைபேசிக் கூண்டுக்குள் போய் அன்ரனுக்கு எடுத்தேன். "எல்லாம் சரி. கடிதமும் கிடைச்சிட்டுது" என்றேன்.  "நான் கறி வைக்கிறன். நீர் ஆறுதலா வாரும்" என்றார்.

ட்ராமில் ஏறி ஜன்னலோரம் இருந்தேன். வெளியே வெயில். ஞாயிற்றுக்கிழமையில் இருந்து நான் ஒழுங்காகக் கண் மூடியிருக்கவில்லை. எங்கள் வீட்டுத் தரிப்பு ஆறாவது. இரண்டாவது தரிப்பைக் கண்டது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் நினைவில்லை.

யாரோ தோளைத் தொட்டார்கள். விழித்துப் பார்த்தால் ட்ராமில் ஒருவரும் இல்லை. சாரதி குனிந்து நின்றார்.

"அம்மா, இது கடைசித் தரிப்பு. எங்கே போக வேண்டும்?"

வெளியே புல்வெளியும் இரண்டு மரமும் மட்டும் இருந்தன. நான் அந்தப் பக்கம் அதற்கு முன் வந்ததே இல்லை. சிரிப்பு வந்துவிட்டது. அவரும் காரணம் தெரியாமல் சிரித்தார்.

"வந்த வழியே திரும்பிப் போக வேண்டும்" என்றேன்.

"பன்னிரண்டு நிமிடத்தில் வெளிக்கிடுவேன். அப்படியே இருங்கள், எழுப்பிவிடுகிறேன். எந்தத் தரிப்பு?"

சொன்னேன். அவர் இறங்கிப் போய் மரத்தடியில் நின்று சிகரெட் பற்றவைத்தார். நான் காலை நீட்டி, தலையைக் கண்ணாடியில் சாய்த்து, மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டேன்.